உடைஞ்சா யார் பொறுப்பு?

எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அறையில் ஒரு பச்சை இரும்பு பீரோ இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில், தைலமரக் காடுகளுக்கு நடுவே இருக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி எங்களுடையது. ஒன்று முதல் எட்டு வரை 94 பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள். ஆண்டுக்கு ஒருமுறை இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்கும்போது அந்த பீரோவை முழுசாகக் காலி செய்து திரும்ப அடுக்குவது என் வேலை. தமிழ்நாட்டின் கல்வித் தொழில்நுட்ப வரலாற்றை யாராவது எழுத நினைத்தால், நூலகத்துக்குப் போக வேண்டாம், இந்த மாதிரி ஒரு பீரோவைத் திறந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அடித்தட்டில் ஒரு மரப்பெட்டி. 1987இல் மத்திய அரசு கொண்டுவந்த கரும்பலகைத் திட்டக் காலத்தது என்று பழைய பதிவேடு சொல்கிறது. உள்ளே காந்தம், முப்பட்டகக் கண்ணாடி, சின்னத் தராசு. அதற்கு மேலே டேப் ரிக்கார்டரோடு சேர்ந்த ஒரு ரேடியோ. அதற்கும் மேலே ரப்பர் பேண்டு போட்ட செயல்வழிக் கற்றல் அட்டைகள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் சோதனையாக ஆரம்பித்து, சில வருடங்களில் மாநிலம் முழுக்க வந்த முறை அது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் ஏணிப்படியில் எந்தப் படியில் இருக்கிறார்களோ அந்த அட்டையைத் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். அதற்கடுத்த தட்டில் ஒரு டிவிடி பிளேயர், பாடக் குறுந்தகடுகள், ஒரு கீபோர்டு. மேல்தட்டில் ஒரு லேப்டாப்பும் ஆசிரியர்களுக்கு வந்த கைக்கணினிகளும்.

அடுக்கும்போது ஒவ்வொரு வருஷமும் என் கண்ணில் படுவது ஒன்றுதான். ரேடியோ இன்றைக்கும் புதுசாகவே இருக்கிறது. டிவிடி பிளேயரின் ரிமோட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை. அட்டைகள் மட்டும் நைந்து, மூலை மடங்கி, எண்ணெய்க் கறையும் புளிச்சாதக் கறையுமாக இருக்கின்றன. சிலவற்றில் பல்தடம்கூட இருக்கிறது. தேய்ந்துபோனதெல்லாம் பிள்ளைகள் கைக்குப் போனவை. பளபளப்பாக இருப்பவை பூட்டுக்குள் இருந்தவை.

பூட்டியவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் பார்த்த ஆறு தலைமையாசிரியர்களும் கேட்ட கேள்வி ஒன்றே: “குடுக்கலாம் டீச்சர். உடைஞ்சா யார் பொறுப்பு?” அது சரியான கேள்விதான். தணிக்கைக்கு வருகிறவர் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார். அதை வைத்து எத்தனை பிள்ளைகள் எதைக் கற்றுக்கொண்டார்கள் என்று அவர் கேட்பதில்லை, கேட்க அவருடைய படிவத்தில் கட்டமும் இல்லை. பொருள் பத்திரமாக இருந்தால் தலைமையாசிரியரும் பத்திரம்.

*

2020 மார்ச்சில் மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. 19 மாதம். ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு.

அந்த நேரத்தில் அரசு சும்மா இருக்கவில்லை. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியில் வகுப்புவாரியாகப் பாடங்கள் ஓடின. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் ஏற்கெனவே கியூஆர் கோடு இருந்தது, ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். அதை முதல்முதலாகப் பார்த்த ஒரு பையன் “டீச்சர், இந்தக் கோலத்துல புள்ளி ரொம்ப அதிகம்” என்றான். நாங்களும் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். நான் வீட்டுச் சுவரில் சார்ட் ஒட்டி, ஸ்டூல் மேல் அரிசி டப்பாவை வைத்து, அதில் போனைச் சாய்த்து வீடியோ எடுத்து அனுப்பினேன்.

அப்போது மூன்றாம் வகுப்பில் எனக்கு 14 பிள்ளைகள். வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் கணக்கெடுத்தேன். ஸ்மார்ட்போன் உள்ள வீடு ஆறு. அதில் நாலு வீட்டில் போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மீதி இரண்டில் ஒன்றில் அண்ணன் காலேஜ், அவன் வகுப்புதான் முக்கியம். ஆக, பகலில் என் வீடியோவைப் பார்க்க முடிந்தது ஒரே ஒரு பிள்ளை. இந்தக் கணக்கு எந்தச் செயலியிலும் ஏறவில்லை. குழுவில் நீலநிற டிக் மட்டும் வரிசையாக விழுந்துகொண்டே இருந்தது.

அந்த நீல டிக்குகளில் ஒன்று திருப்பூரிலிருந்து விழுந்தது. ஒரு பெண்பிள்ளையின் அப்பா அங்கே பனியன் கம்பெனியில் வேலை. முதல் ஊரடங்கு தளர்ந்ததுமே திரும்பப் போய்விட்டார். வீட்டின் ஒரே ஸ்மார்ட்போன் அவரிடம். அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். நான் அந்த அம்மாவிடம், “வீடியோ அவகிட்ட வரவே இல்லையேம்மா” என்று வருத்தப்பட்டபோது அவர் சிரித்தார். “இல்ல டீச்சர், வருதே. அவுக ராத்திரி ஷிப்டு முடிஞ்சு ரூம்ல உக்காந்து நீங்க அனுப்புறதைப் பாத்துட்டு, எனக்குப் போன் போட்டு இவளுக்குச் சொல்லிக் குடுப்பாக.”

நான் அன்று இரவே அவரை அழைத்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவர். கூச்சத்தோடு சொன்னார்: “தமிழ்லாம் சொல்லிருவேன் டீச்சர். கூட்டல் சொல்லிருவேன். இந்தக் கழித்தல்ல கடன் வாங்குறது மட்டும் எனக்கே புடிபடல. நாலு தடவ ஓட்டிப் பாத்தேன்.”

கல்வித் தொழில்நுட்பம் பற்றி எந்தப் பயிற்சிக்குப் போனாலும் எனக்கு இந்த மனிதர்தான் ஞாபகத்துக்கு வருவார். பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர் படுத்திருப்பார்கள், ஒருவர் மட்டும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மூன்றாம் வகுப்புக் கணக்கை நாலு தடவை ஓட்டிப் பார்க்கிறார். அங்கே வேலை செய்தது போனா, அவரா?

*

பள்ளி திறந்தபோது அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். பலகையில் 52லிருந்து 37ஐக் கழிக்கச் சொன்னேன். 25 என்று எழுதினாள். அடுத்து 81லிருந்து 46. அவள் விடை 45.

கழித்தல் தெரியாத பிள்ளை கண்டபடி எழுதும். இவள் கண்டபடி எழுதவில்லை. “எப்படிப் போட்டே, சொல்லு” என்றேன். “ஏழுலேர்ந்து ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுலேர்ந்து மூணு போனா ரெண்டு. பெருசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு எங்கப்பா சொல்லிச்சு டீச்சர்.” அப்பா சொன்னது தப்பே இல்லை. பாதி வழிவரை சரியாகக் கூட்டிவந்து விட்டிருக்கிறார். மீதிப் பாதிக்குத்தான் ஆள் வேண்டும். தைலமரக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துப் போட்டு, மூன்று நாளில் அவள் கடன் வாங்கக் கற்றுக்கொண்டாள்.

சில மாதம் கழித்து போனில் நடத்துகிற ஒரு தேர்வு வந்தது. நாலு விடையில் ஒன்றைத் தொட வேண்டும். பழைய முறையில் கணக்குப் போடுகிற ஒரு பையனுக்குப் பத்துக்கு மூன்று, சிவப்பு நிறம். அவன் பக்கத்தில் எதையும் படிக்காமல் தொட்டுக்கொண்டே போனவனுக்கு ஆறு, மஞ்சள் நிறம். அந்த அறிக்கையின்படி முதல் பையன் பின்தங்கியவன். ஆனால் அவனிடம் ஒரு முறை இருந்தது, அதில் ஒரு ஓட்டை இருந்தது, அவ்வளவுதான். சிவப்புக் கட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

எந்திரத்தால் இது முடியவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. டெல்லியில் 2015இல் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த மையங்களில், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து பாடம் நடத்துகிற ஒரு மென்பொருளை வைத்துக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஜாண்ட்ரோ கானிமியன் மூவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த 619 பிள்ளைகள், நாலரை மாதம். கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம், அதிலும் ரொம்பப் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் கிடைக்காதது அங்கே கிடைத்தது. நான் அதை நம்புகிறேன். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உண்மையில் நான்காம் வகுப்புக் கணக்கில் நிற்கிறது என்பதை அந்த மென்பொருள் வெட்கப்படுத்தாமல் கண்டுபிடித்தது. ஆனால் அந்த ஆய்வைப் பேசுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடுகிற ஒரு விஷயம் உண்டு. அந்த மையத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதிதான் கம்ப்யூட்டர். மீதிப் பாதி, சின்னக் குழுவாக உட்காரவைத்து ஒரு ஆள் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் ஊரிலும் ஆள்தான் பிள்ளைகளை மீட்டது. 2021 அக்டோபரில் அரசு ஆரம்பித்த இல்லம் தேடிக் கல்வியில் தெருவுக்கு ஒரு தன்னார்வலர். எங்கள் தெருவில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன் வீட்டுத் திண்ணையில் தினமும் சாயங்காலம் இருபது பிள்ளைகளை உட்காரவைத்தாள். முரளிதரனும் அபிஜீத் சிங்கும் மவுரிசியோ ரொமேரோவும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து எழுதிய ஆய்வில், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்கிறார்கள். அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால்பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. திண்ணைக்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.

*

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் ஒரு தொழில்நுட்பத்தால் படித்தவர்.

1991இல் எனக்கு எட்டு வயது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிய வருடம். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். அம்மா கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார். ராத்திரி ஏழரைக்கு மேல் அரிக்கேன் விளக்கோ தெருவிளக்கோ வைத்து வகுப்பு. ‘அ’வில் ஆரம்பிக்க மாட்டார்கள். ‘பட்டா’, ‘கூலி’ என்று அவர்கள் வாழ்க்கையில் இருக்கிற வார்த்தையிலிருந்துதான் ஆரம்பம் என்று அம்மா சொல்வார். எழுத்தோடு கூடவே வந்தது சைக்கிள். பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுப்பதை அறிவொளி ஒரு பாடமாகவே வைத்திருந்தது. பி. சாய்நாத் பிறகு இதைப் பற்றி எழுதியபோது, ஒன்றரை வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகக் குறிப்பிட்டார். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள்.

லேடீஸ் சைக்கிள் கிடைக்காத நேரம். அம்மா பழகியது வாடகைக் கடையிலிருந்து எடுத்த ஜென்ட்ஸ் சைக்கிளில். சேலையை ஒரு பக்கம் தூக்கிச் செருகிக்கொண்டு, பாரைத் தாண்டிக் காலைப் போடுவார். ஊரில் எவ்வளவோ பேசினார்கள். இரண்டு முழங்காலிலும் ரத்தம். பெடல் ஒடிந்தது, கடைக்காரருக்குத் தண்டம் அழுதோம். பழகி முடித்ததும் லேடீஸ் சைக்கிளே வேண்டாம் என்றார், “இந்த பார் இருந்தாத்தான் இவள உக்கார வச்சுட்டுப் போகலாம்.” அந்த பாரில் உட்கார்ந்துதான் நான் ஆறாம் வகுப்புக்கு, ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹைஸ்கூலில் சேரப் போனேன்.

சைக்கிளைக் கல்வித் தொழில்நுட்பம் என்று யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் நடந்த மிகப்பெரிய கல்வித் தொழில்நுட்பம் அதுதான். அது அவர்கள் கையில் இருந்தது. கீழே போடலாம், ஒடிக்கலாம், எங்கே போக வேண்டும் என்று ஓட்டுகிறவர்தான் முடிவு செய்வார். யார் எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்று அது யாருக்கும் அறிக்கை அனுப்பவில்லை.

அப்படியானால் கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால் போதுமா? பெரு நாட்டில் அதையும் செய்து பார்த்தார்கள். ‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற உலகத் திட்டத்தில் மிகப் பெரிய அளவில் இறங்கிய நாடு அது. லட்சக்கணக்கான லேப்டாப்புகளை வாங்கிக் கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. 319 கிராமப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு நடந்த ஆய்வில், பதினைந்து மாதத்துக்குப் பிறகு கணக்கிலும் மொழியிலும் மாற்றம் எதுவும் தெரியவில்லை. கம்ப்யூட்டரை இயக்கப் பழகியிருந்தார்கள், அது உண்மை. பாடம் அப்படியே நின்றது.

இதைப் படித்துவிட்டு நான் அம்மாவிடம் கேட்டேன், “ஒன் சைக்கிளுக்கும் இதுக்கும் என்னம்மா வித்தியாசம்?” அவர் யோசிக்கவே இல்லை. “பின்னாடி ஒருத்தி கேரியரைப் புடிச்சுக்கிட்டே ஓடியாந்தாள்ல ஆத்தா. அவ இல்லாட்டி நான் எப்புடிக் கத்துருப்பேன்?”

*

2024இல் எங்கள் பள்ளிக்குத் திறன்பலகை வந்தது. மாநிலம் முழுக்க 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள், சுமார் 80 ஆயிரம் ஆசிரியர்களுக்குக் கைக்கணினி என்று பெரிய திட்டம். குறை சொல்வதற்கு முன்னால் அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கடலைப் பார்க்காத பிள்ளைகள் எங்களுடையவர்கள், கோட்டைப்பட்டினம் இதே மாவட்டத்தில் இருந்தும்கூட. கடலடியில் ஆமை நீந்துகிற வீடியோ ஓடியபோது வகுப்பில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. இதயம் சுருங்கி விரிவதைக் கரும்பலகையில் என்னால் இருபது வருடமாக வரைந்து காட்ட முடியவில்லை, அது பத்து நொடியில் காட்டியது.

முதல் மாதம் அதைத் தொட எங்களுக்கு மட்டுமே அனுமதி. அதே கேள்வி. இந்த முறை நான் விடவில்லை. “சார், உடைஞ்சா நான்னு எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கிக்கோங்க” என்றேன். அவர் நல்ல மனிதர், எழுதவெல்லாம் இல்லை. ஆனால் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாவது நாள் சாவியைக் கொடுத்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் நாலு பேரைச் சேர்த்துப் ‘பலகைக் குழு’ என்று வைத்தோம். அதில் ஒருத்தி அந்தத் திருப்பூர் அப்பாவின் மகள். இரண்டே வாரத்தில் எந்த ஒயர் எங்கே, நெட் வராத நாளில் என்ன செய்வது என்பதெல்லாம் எங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கழித்தல் பாடத்தை மூன்றாம் வகுப்புக்கு அவளே எடுத்தாள். பலகையில் குச்சிக்கட்டு வரைந்து, விரலால் தொட்டு ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினாள். ஒருநாள் பலகையின் பேனா தொலைந்தது. பள்ளியே தேடியது. கிடைக்கவில்லை. வானம் இடிந்துவிடவில்லை, விரலால் எழுதினோம்.

பிள்ளைகளுக்கும் கருவிக்கும் நடுவே பெரிய சண்டை எதுவும் இல்லை. சண்டை எனக்கும் என் போனுக்கும்தான். ஒரு பீரியட் 40 நிமிடம். காலை வருகையை ஏற்ற வேண்டும், சிக்னல் வேப்பமரத்தடியில்தான் கிடைக்கும். யார் சாப்பிட்டார்கள், யாருக்குச் செருப்பு வந்தது, யார் எந்தப் பயிற்சிப் புத்தகத்தில் எந்தப் பக்கம், எல்லாம் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயம், இரண்டு நிமிட வேலை. எல்லாம் சேர்ந்து வகுப்பைத் தின்கின்றன. ஒரு வாரம் கடிகாரம் பார்த்துக் குறித்தேன். முதல் பீரியடில் சராசரியாக 11 நிமிடம் நான் பிள்ளைகளைப் பார்க்காமல் போனைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகுப்புப் பாப்பா ஒன்று கேட்டது: “டீச்சர், நீங்க எப்பப் பாத்தாலும் யாருக்கு மெசேஜ் அனுப்புறீங்க?” சொல்லத் தெரியவில்லை. யாருக்கு என்று எனக்கும் தெரியாது.

கல்வித் தொழில்நுட்பம் ஆசிரியரின் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பார்கள். எங்கள் பக்கம் வந்துசேர்ந்ததில் பாதி, பாடம் நடந்ததா என்று மேலே இருப்பவருக்குச் சொல்லும் கருவி. பாடம் நடத்துகிற கருவி மீதிப் பாதிதான். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பதுதான் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

*

போன வருடம் எட்டாம் வகுப்புக்கு ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை கொடுத்தேன். மறுநாள் வந்த 12 கட்டுரைகளில் ஐந்தில் ஒரு ஆறு ஓடியது. பச்சைப் பசேலென்று நெல்வயல், ஆற்றங்கரையில் தென்னந்தோப்பு, அன்பான மக்கள். எங்கள் ஊரில் ஆறு கிடையாது. வெள்ளாற்றைப் பார்க்க பஸ் ஏற வேண்டும். செம்மண், முந்திரி, கடலை, மற்றபடி கண்ணுக்கெட்டும் வரை தைலமரம். ஐந்து பேரும் அண்ணன் போனில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதியிருந்தார்கள்.

திட்டத் தோன்றவில்லை. தமிழ் நன்றாகத்தான் இருந்தது, ஒற்றுப்பிழைகூட இல்லை. என்னை உறுத்தியது வேறு. அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் “எங்க ஊர்ல ஆறு இல்லையே” என்று தோன்றவில்லை. அல்லது தோன்றியும், நல்ல ஊர் என்றால் ஆறு இருக்கும் போல, நம்ம ஊர் எழுதுவதற்கு லாயக்கில்லாத ஊர் போல என்று நினைத்திருக்கலாம். அதுதான் பயமாக இருந்தது. முன்பெல்லாம் நோட்ஸ் பார்த்து எழுதுவார்கள், அதிலும் ஆறு ஓடும். ஆனால் நோட்ஸ் எல்லோருக்கும் ஒன்று என்று பிள்ளைக்குத் தெரியும். இது ‘நான் கேட்டேன், எனக்குச் சொன்னது’ என்று நம்பவைக்கிறது.

ஐந்து கட்டுரைகளையும் திறன்பலகையில் போட்டு வரிசையாகப் படித்தோம். ஆறு வந்த இடத்திலெல்லாம் சிரித்தார்கள். பிறகு சொன்னேன்: “தைலமரம் வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு? அதுகிட்டக் கேளுங்க. வீட்ல ஆயாகிட்டயும் கேளுங்க. ரெண்டையும் கொண்டாங்க.” போன் சொன்னது பொதுவான பதில். ஆயாக்கள் சொன்னது: காரை, சூரை, காட்டுக்களா, அவுரி, மழைக்குப் பிறகு கண்மாய்க்குப் போகிற ஓடையின் பெயர், அந்த ஓடை எந்த வருஷத்தோடு நின்றது என்பது. பலகைக் குழுப் பிள்ளை தன் கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தாள்: எங்கள் ஊரில் ஆறு இல்லை, அதனால்தான் எங்கள் அப்பா திருப்பூரில் இருக்கிறார். அந்த வரியை எந்த மென்பொருளிடம் கேட்டால் தரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை நாளைக்குத் தரலாம். தந்தாலும் அது அவள் அப்பாவைப் பற்றியதாக இருக்காது.

*

2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை முழுக்கக் கல்வித் தொழில்நுட்பம் பற்றியது. அதன் துணைத் தலைப்பே ஒரு கேள்வி: இந்தக் கருவி யாருடைய நிபந்தனையின்படி? எனக்கு அந்த அறிக்கையின் பக்கங்களைவிட அந்தக் கேள்வி பிடித்திருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. அவற்றில் 89 சதவீதம், பிள்ளைகளின் தகவல் விஷயத்தில் அவர்களது உரிமைக்கு ஆபத்தான முறையில் நடந்துகொண்டதாகச் சொன்னது. பிள்ளை பாடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாடம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பூர் அறையில் நாலு தடவை ஓட்டிப் பார்த்த அந்த மனிதருக்கு இதை நான் எந்த வார்த்தையில் சொல்வேன்?

அவர் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, ஆறு கிலோமீட்டர் தள்ளி உயர்நிலைப் பள்ளியில். அங்கே உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. போன மாதம் சந்தையில் பார்த்தபோது கேட்டேன். “இருக்கு டீச்சர். நல்லா இருக்கு. வரிசையா கம்ப்யூட்டரு. டெஸ்ட் எழுதக் கூட்டிட்டுப் போவாங்க.” “டெஸ்ட் இல்லாதப்ப?” “பூட்டி இருக்கும்.” அப்புறம் தயங்கிச் சொன்னாள், “நான் அந்த சார்கிட்டக் கேட்டுட்டேன் டீச்சர். நாங்களே ஒரு குழு வச்சுக்கிறோம், சுத்தமா வச்சுக்கிறோம்னு. யோசிக்கிறேன்னாரு.”

அடுத்த மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. பிள்ளை சத்தம்போட்டு வாசித்தால் போன் கேட்டு மதிப்பெண் போடுமாம். நான் போவேன், ஆர்வமாகவே போவேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ‘மழை’யை ‘மள’ என்றுதான் சொல்வார்கள், அதை அது எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். அதோடு மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். தப்பு என்று சொன்னால் ஏன் தப்பு என்றும் சொல்லுமா? அது கேட்கும் குரல் எங்கே போகிறது? அது மதிப்பெண் போடுகிற நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும், இன்னொரு படிவம் நிரப்ப வேண்டுமா, இல்லை அந்தப் பிள்ளைக்குப் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடலாமா?

மூன்றாவது கேள்வியை இதே வார்த்தையில் கேட்டால் பயிற்சியாளருக்குப் புரியாது. கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்.